மிட்டோமாவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி இங்கிலாந்து பிரீமியர் லீக் பார்ப்பது வழக்கம். பிரைட்டன் ஆட்டம் என்றால், புதிதாக வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும் முதல் பத்து நிமிடத்தில் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார். பாதிக் கேள்விகள் போனில் பார்த்த வீடியோவிலிருந்து வருகின்றன, மீதி யாரோ பகிர்ந்த தவறான தகவலிலிருந்து. ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாவற்றையும் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

“யாருங்க இந்த மிட்டோமா? நான் கால்பந்தே பார்க்கிறதில்ல, ஆனா என் போன்ல வந்துகிட்டே இருக்காரு.”

கவோரு மிட்டோமா ஜப்பான் நாட்டுக் கால்பந்து வீரர். 1997 மே 20 அன்று ஓய்ட்டா மாகாணத்தில் பிறந்தார், டோக்கியோவை ஒட்டியிருக்கும் கவாசாகி நகரத்தில் வளர்ந்தார். மைதானத்தின் இடது ஓரத்தில் ஆடும் விங்கர். கவாசாகி ஃபிரன்டாலே அணியில் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கி, 2021இல் இங்கிலாந்தின் பிரைட்டன் அணியில் ஒப்பந்தமானார். பிரைட்டனில் அவர் சட்டை எண் 22.

கால்பந்து பார்க்காதவர் போனிலும் அவர் வருவதற்குக் காரணம் அவர் ஆட்டத்தின் வடிவம். ஒரு எதிராளி, ஒரு பந்து, ஓரக்கோடு. நிற்கிறார், எதிராளியும் நிற்கிறார், அடுத்த நொடி இவர் மட்டும் போய்விடுகிறார். பத்து நொடியில் ஒரு முழுக்கதை முடிந்துவிடுகிறது. சத்தத்தை அணைத்து வைத்துப் பார்த்தாலும் புரியும், விதிகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடுக்கள வீரர் ஒருவர் தொண்ணூறு நிமிடம் ஆட்டத்தையே தன் கையில் வைத்திருந்தாலும் அதை வெட்டி எடுத்து யாருக்கும் அனுப்ப முடியாது. மிட்டோமா செய்வதை அனுப்பலாம்.

“பேரை எப்படிச் சொல்லணும்? மிடோமாவா, மிட்டோமாவா, மித்தோமாவா?”

ஜப்பானிய உச்சரிப்பில் மி, தோ, மா என்று மூன்று சம அளவுத் தட்டுகள். நடுவில் வருவது பல்லில் நாக்கு படும் ஒலி, அதனால் கறாராகப் பார்த்தால் ‘மித்தோமா’ நெருக்கம். ஆனால் டோக்கியோவை ‘ட’ போட்டே எழுதிப் பழகிவிட்டோம், அந்த வழக்கத்தில் மிட்டோமா என்று எழுதுகிறேன். ஒற்றை ‘ட’ போட்டால் தமிழில் மெலிந்து ஒலித்துவிடும், அது மட்டும் வேண்டாம்.

இதைவிடச் சுவையான குழப்பம் ஜப்பானியர்களுக்கே உண்டு. அவர் குடும்பப் பெயரில் முதல் எழுத்து ‘மூன்று’, அதில் சிக்கல் இல்லை. இரண்டாவது எழுத்தின் தலையில் மூங்கிலைக் குறிக்கும் உறுப்பு இருக்க வேண்டும். அதே உடலோடு, தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்பு போட்ட எழுத்துதான் பழக்கத்தில் அதிகம். அதனால் இணையத்தில் ஏராளமானவர்கள் மூங்கிலுக்குப் பதில் புல் போட்டு எழுதிவிடுகிறார்கள். நாம் ல, ள, ழ மாற்றிப் போடுவது போலத்தான், ஆனால் பெயரில் நடக்கும்போது உறுத்தும். அவர் பெயரை ஜப்பானிய எழுத்தில் தேடிப் பார்க்கிறவர்கள் இரண்டு விதமாகவும் தேடினால்தான் எல்லாம் கிடைக்கும்.

“எல்லாரும் ஒரு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர்னு சொல்றாங்களே, அது என்ன?”

2022 உலகக் கோப்பை, டிசம்பர் 1, கத்தாரின் கலீஃபா சர்வதேச மைதானம். ஜப்பானும் ஸ்பெயினும் ஆடுகின்றன, இடைவேளையில் ஸ்பெயின் 1-0 முன்னிலை. அப்போது மிட்டோமாவும் ரிட்சு டோவானும் மாற்று வீரர்களாக இறங்குகிறார்கள். 48ஆவது நிமிடத்தில் டோவான் சமன் செய்கிறார். மூன்று நிமிடம் கழித்து, வலப்பக்கமிருந்து வந்த பந்து கோலுக்குக் குறுக்கே உருண்டு இறுதிக்கோட்டைத் தாண்டப் போகிறது. மிட்டோமா ஓடிவந்து காலை நீட்டி அதை உள்ளே இழுத்துவிடுகிறார். ஆவோ டனாகா முட்டித் தள்ளுகிறார், கோல். நடுவர் குழு வீடியோவில் நீண்ட நேரம் பார்த்து, பந்து முழுதாக வெளியே போகவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஜப்பான் 2-1.

அந்தக் கோலுக்குப் பிறகு ஜப்பானிய இணையத்தில் ‘மிட்டோமாவின் ஒரு மில்லிமீட்டர்’ என்ற தொடர் பிறந்துவிட்டது. ஏபி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் பெட்ர் ஜோசெக் மைதானக் கூரையின் நடைபாதையிலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. நேர் மேலிருந்து பார்க்கும்போது பந்தின் விளிம்பு கோட்டின் விளிம்பை மயிரிழையில் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு படம்தான் அந்தத் தொடரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு மிகவும் பிடித்தது. பந்தை இழுத்துவிட்ட மிட்டோமாவும் அதைக் கோலாக்கிய டனாகாவும் கவாசாகியில் ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள், சிறுவயதில் சகினுமா என்ற ஒரே உள்ளூர்க் கால்பந்துக் குழுவில் ஆடியவர்கள். ஒரு தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட கோல் அது.

“அதெல்லாம் சரி, நான் பார்த்த வீடியோல பந்து வெளியேதான் போச்சு. நடுவே புல்லு பச்சையாத் தெரியுதே?”

தெரியும். பக்கவாட்டு கேமராவில் பார்த்தால் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே பச்சை தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது பந்து தரையைத் தொடும் புள்ளியை. விதி கேட்பது அதை அல்ல. தரையிலோ காற்றிலோ பந்து முழுவதும் கோட்டைத் தாண்டியிருந்தால்தான் அது வெளியே. பந்தின் வயிறு கோட்டுக்கு நேர் மேலே துளி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் ஒரு கால்பந்து இருந்தால் செய்து பாருங்கள். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அதாவது விட்டம் சுமார் 22 செ.மீ. தரையில் டைல்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வைத்து, கோட்டின் மேல் ஒரு ஸ்கேலை நட்டமாக நிறுத்துங்கள். பந்தின் வயிறு ஸ்கேலைத் தொடும்போது, அது தரையைத் தொடும் இடம் கோட்டிலிருந்து சுமார் 11 செ.மீ. தள்ளி இருக்கும். ஒரு சாண் பாதிக்குப் பச்சை தெரியும், பந்தோ இன்னும் உள்ளே. நாங்கள் இதைக் கூடத்தில் செய்து பார்த்த அன்றோடு எங்கள் குழுவில் அந்தச் சண்டை முடிந்தது.

“இதுக்கு ஜெர்மனிக்காரங்க ஏன் அவ்வளவு கோபப்பட்டாங்க?”

அந்தக் கோல் செல்லாமல் 1-1 என்று முடிந்திருந்தால் ஜப்பானுக்கு 4 புள்ளி. அதே நேரத்தில் கோஸ்டா ரிகாவை 4-2 என்று வென்ற ஜெர்மனிக்கும் 4 புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி முன்னால் போய் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஜெர்மனி வீட்டுக்குப் போனது என்று சொல்வது அதனால்தான். ஜெர்மனியை ஜப்பான் முதல் ஆட்டத்திலேயே 2-1 என்று வென்றிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

“டிரிபிளிங்ல டாக்டர் பட்டம் வாங்கினவராமே?”

இல்லை. டிரிபிளிங் என்றால் பந்தைக் காலோடு வைத்துக்கொண்டே எதிராளியைத் தாண்டிப் போவது. இணையத்தில் இவரைப் பற்றி அதிகம் ஊதிப் பெருக்கப்பட்ட தகவல் இது. சிலர் முதுகலை என்கிறார்கள், சிலர் முனைவர் என்கிறார்கள். அவர் சுகுபா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து இளங்கலைப் பட்டம் பெற்றவர். ஜப்பானில் பட்டப்படிப்பின் கடைசியில் மாணவர்கள் ஓர் ஆய்வேடு எழுதுவார்கள், ‘சொட்சுரோன்’ என்று சொல்வார்கள். இவர் தனக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொண்டார். ஒருவரோடு ஒருவர் மோதும் தருணத்தில் பந்து வைத்திருப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதுதான் பொருள்.

அதற்காகச் சக வீரர்களின் தலையில் சிறிய கேமராவைக் கட்டி ஆடவிட்டுப் பார்த்தார். நன்றாக ஆடுகிறவர்கள் பந்தைக் குனிந்து பார்ப்பதில்லை, எதிராளியைப் பார்க்கிறார்கள். எதிராளியின் எடை எந்தக் காலில் சாய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பின்னாளில் பேட்டிகளில் அவரே இதை விளக்கியிருக்கிறார். முனைவர் பட்டம் என்று பொய் சேர்க்காமலே இது அருமையான கதை. இருபது வயதுப் பையன் ஒருவன் தன் கால் செய்வதைத் தன் கண் எப்படிச் செய்யவைக்கிறது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

“பதினெட்டு வயசுல கிளப்பே கூப்பிட்டும் வேண்டாம்னுட்டாராமே, நிஜமா?”

நிஜம். சிறுவயது முதல் ஃபிரன்டாலேயின் பயிற்சி அணியில் வளர்ந்தவருக்கு அவர்களே நேராகப் பெரிய அணியில் இடம் கொடுக்க முன்வந்தார்கள். உடம்பாலும் மனதாலும் தான் இன்னும் தயாராகவில்லை என்று அவர் நினைத்தார், படிக்கப் போனார். ஜப்பானில் பல்கலைக்கழகக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அல்ல, அங்கிருந்து தேசிய அணி வரை போனவர்கள் உண்டு. 2017இல், தொழில்முறை அணிகளோடு மாணவர் அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையில் சுகுபா மாணவர் அணி, முதல் பிரிவு அணியான வெகால்டா சென்டாயை 3-2 என்று வீழ்த்தியது. அதில் இரண்டு கோல் இவருடையவை. பலர் இவர் பெயரை முதலில் கேட்டது அந்த ஆட்டத்தின் வீடியோ துண்டில்தான்.

ஃபிரன்டாலேக்கு 2020இல் வந்தார். முதல் வருடத்திலேயே ஜே லீக்கில் 13 கோல், அணிக்கு லீக் பட்டம், 2021 புத்தாண்டு அன்று நடந்த பேரரசர் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெற்றிக் கோலும் இவருடையது.

“ரீல்ஸ்ல பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. அப்புறம் ஏன் யாராலயும் தடுக்க முடியல?”

நல்ல கேள்வி, நானும் ரொம்ப நாள் இதை யோசித்தேன். வித்தை தெரிந்துவிட்டால் தடுக்கலாம் என்று நினைக்கிறோம். இவர் விஷயத்தில் வித்தையே இல்லை. காலைப் பந்தின் மேல் சுழற்றுவது, தோளைக் குலுக்குவது எல்லாம் மிகக் குறைவு. வலது காலுக்குப் பக்கத்திலேயே பந்தை வைத்துக்கொள்கிறார். பாதத்தின் உட்பக்கத்தால் தட்டினால் பந்து ஓரக்கோட்டை நோக்கிப் போகும், வெளிப்பக்கத்தால் தட்டினால் கோலை நோக்கி உள்ளே போகும். இரண்டுக்கும் பந்து இருக்கும் இடம் ஒன்று, உடம்பு நிற்கும் நிலையும் ஒன்று. கடைசி நொடி வரைக்கும் எதிராளிக்கு எந்தத் துப்பும் கிடையாது.

அதற்கு முன் அவர் வேகத்தைக் குறைத்துக் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறார். துரத்தி வந்தவரும் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கிறவர் ஏதாவது ஒரு காலில் எடையைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் காலை அவரால் உடனே எடுக்க முடியாது. மேலே சொன்ன ஆய்வேடு ஞாபகம் இருக்கிறதா, அவர் பார்ப்பது அந்தக் காலைத்தான். எடை விழுந்த பக்கமே பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறார். முதல் மூன்று எட்டுகளில் இவரைப் பிடிக்கக் கூடியவர்கள் பிரீமியர் லீக்கிலேயே குறைவு.

அடுத்த முறை வீடியோ வந்தால் ஒன்று செய்யுங்கள். அவரைப் பார்க்காமல், எதிரே நிற்பவரின் கால்களை மட்டும் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி என்று தோன்றாது.

“முதல்ல எந்த கோலைப் பார்க்கணும்? ஒரு வரிசை சொல்லுங்க.”

வுல்வ்ஸ் அணிக்கு எதிராக 2023 ஆகஸ்ட் 19இல் போட்டது. மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து இடது ஓரமாகவே ஓடி, குறுக்கே வந்தவர்களைத் தாண்டி, கோல்கீப்பரின் பக்கவாட்டில் அமைதியாகத் தள்ளிவிடுவார். மிட்டோமா என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

அடுத்தது லிவர்பூலுக்கு எதிராக 2023 ஜனவரி 29, எஃப்.ஏ. கோப்பை, ஆட்டம் முடியும் கூடுதல் நேரம், 1-1. பெர்விஸ் எஸ்டுபினியான் அனுப்பிய பந்தை வலது காலால் நிறுத்துகிறார், அடிக்கப் போவது போல் காலை ஓங்குகிறார், ஜோ கோமெஸ் தடுக்கப் பாய்கிறார். பாய்ந்தவரை அப்படியே விட்டுவிட்டுப் பந்தை இன்னொரு தட்டு தட்டி, பாதத்தின் வெளிப்பக்கத்தால் அடிக்கிறார். மூன்று தொடுகை. கூட்ட நெரிசலில் ஒருவருக்கு மட்டும் நேரம் தாராளமாகக் கிடைத்தது போல இருக்கும்.

பிறகு 2025 பிப்ரவரி 14, செல்சீ. பிரைட்டன் கோல்கீப்பர் ஃபெர்புருகன் தன் எல்லையிலிருந்து மைதானத்தின் மறுபாதிக்கு அனுப்பிய பந்து, மிட்டோமாவின் தோளுக்கு மேலாக வருகிறது. ஓடிக்கொண்டே, திரும்பிப் பார்த்துக்கொண்டே, வலது கால் நுனியால் அதை இறக்குகிறார். சட்டென்று பந்துக்குக் கனமே போய்விடுகிறது. அந்த ஒரு தொடுகையை அன்றிரவு எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பின்னால் போட்ட கோல்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

“ஜப்பான்ல இவருக்கு இவ்வளவு கூட்டம் எப்பத்திலேர்ந்து?”

2022 மார்ச் 24 என்று சொல்லலாம். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். 84ஆவது நிமிடத்தில் இறங்கி, 89இல் ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று என இரண்டு கோல் போட்டு ஜப்பானைக் கத்தாருக்கு அனுப்பினார்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தச் சுற்றில் வெளிநாட்டில் நடந்த ஆட்டங்களின் உரிமை ‘டாஸோன்’ என்ற கட்டணச் சேவையிடம் மட்டும் இருந்தது. நாட்டின் உலகக் கோப்பை இடம் உறுதியான ஆட்டம் சாதாரணத் தொலைக்காட்சியில் வரவே இல்லை. அது அங்கே பெரிய விவாதமானது. விளைவு, சந்தா இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்கு மிட்டோமா முதலில் அறிமுகமானதே செய்தித் துண்டுகளிலும் ட்விட்டரிலும் ஓடிய சில நொடிக் காட்சிகள் வழியாகத்தான். முழு ஆட்டமாகப் பார்க்கும் முன்பே ஜப்பான் அவரைத் துண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்டது. அவர் புகழ் இணையத்தில் இவ்வளவு வேரோடியதற்கு இது முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

“அவங்களுக்கு அப்ப நடுராத்திரி ஆகுமே, முழிச்சிருந்தா பாக்கறாங்க?”

முழித்திருந்துதான். ஸ்பெயின் ஆட்டம் தொடங்கியது ஜப்பானில் விடியற்காலை 4 மணிக்கு. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் ஜப்பானுக்குச் சரியாக நள்ளிரவு 12. பலர் படுத்துவிட்டு, காலையில் ரயிலில் போகும்போது துண்டுகளாகப் பார்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக ட்விட்டரை, இப்போதைய எக்ஸ் தளத்தை, அதிகம் பயன்படுத்தும் நாடு ஜப்பான். நள்ளிரவில் ஒரு கோல் விழுந்தால் அடுத்த நிமிடம் அவர் பெயர் அங்கே மேலே வந்துவிடும்.

உலகக் கோப்பையின்போது இன்னொன்றும் சேர்ந்தது. ‘அபேமா’ என்ற இணையச் சேவை 64 ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. முன்னாள் தேசிய வீரர் கெய்சுகே ஹோண்டா அதில் வர்ணனை செய்தார். தன்னைவிடப் பத்து வயது இளையவர்களையும் ‘சான்’ என்ற மரியாதை விகுதி சேர்த்தே கூப்பிட்டார், நாம் ‘மிட்டோமா அவர்கள்’ என்று வர்ணனையில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. மக்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. குரோஷியா ஆட்டத்தன்று கூட்டம் தாங்காமல் அபேமா புதிதாக வருகிறவர்களை உள்ளே விடாமல் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று.

“குரோஷியாகிட்ட பெனால்டியை விட்டது இவர்தானே?”

இவரும்தான். டிசம்பர் 5, 1-1 சமன், பெனால்டியில் ஜப்பான் 1-3 தோல்வி. மினாமினோ, மிட்டோமா, யோஷிடா மூவர் அடித்ததையும் கோல்கீப்பர் லிவாகோவிச் பிடித்தார். யார் அடிப்பது என்று பயிற்சியாளர் மொரியாசு வீரர்களையே முன்வரச் சொல்லியிருந்தார். மினாமினோ முதல் ஆளாக முன்வந்து தவறவிட்ட பிறகு, இரண்டாவதாகப் போய் நின்றவர் மிட்டோமா. ஆட்டம் முடிந்து கேமரா முன் அவர் அழுதுகொண்டே பேசியது நாடு முழுக்கத் தெரியும்.

நான்கு நாளில் ஒரு மில்லிமீட்டரும் இந்தப் பெனால்டியும் ஒரே மனிதனுக்கு நடந்தன. முதலாவதை மட்டும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் இரண்டாவதையும் தெரிந்துகொண்டால் அவரை இன்னும் அதிகமாக நேசிப்பார்கள்.

“நடிகரோட தம்பின்னு சொல்றாங்க?”

ஆமாம். அண்ணன் கோசெய் யூகி ஜப்பானில் நடிகர், சிறுவர்கள் பார்க்கும் சூப்பர் சென்டாய் வரிசைத் தொடர் ஒன்றில் நாயகர்களில் ஒருவராக வந்தவர். அண்ணனின் ரசிகர்கள் வழியாகத் தம்பிக்கு வந்தவர்களும் உண்டு.

“பிரைட்டன் இவரை எடுத்ததே ஜப்பான்ல ஜெர்சி விக்கத்தானாமே?”

ஆசிய வீரர் யார் ஐரோப்பாவுக்குப் போனாலும் வரும் பேச்சு இது, கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். பிரைட்டன் அவருக்குக் கொடுத்த விலை சில மில்லியன் பவுண்டுதான். பிரீமியர் லீக் கணக்கில் சில்லறை. வாங்கியவுடன் இங்கிலாந்தில் ஆட அவருக்கு வேலை அனுமதி கிடைக்கவில்லை. பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட்-ஜில்லுவா அணிக்கு ஒரு வருடம் கடனாக அனுப்பினார்கள். ஜெர்சி விற்க நினைக்கிறவர்கள் அப்படி ஒளித்து வைக்க மாட்டார்கள். அங்கே 2021 அக்டோபரில் செரெய்ங் அணிக்கு எதிராக, பத்துப் பேரோடு 0-2 பின்தங்கிய நிலையில் இடைவேளைக்குப் பிறகு இறங்கி, மூன்று கோல் போட்டு 4-2 என்று ஜெயிக்க வைத்தார்.

2022-23இல் பிரீமியர் லீக்கில் 7 கோல். அதுவரை ஒரு பருவத்தில் ஜப்பான் வீரர் போட்ட அதிகபட்சம் 6, ககாவாவும் ஒகசாகியும் போட்டது. அந்த ஆண்டு பிரைட்டன் ஆறாவது இடம் பிடித்து, முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. 2024-25இல் இவர் 10 கோல் போட்டார், இரட்டை இலக்கம் தொட்ட முதல் ஜப்பானியர். வியாபாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் பிரைட்டன் ஜப்பானுக்குப் போய் டோக்கியோ தேசிய மைதானத்தில் கஷிமா ஆன்ட்லர்ஸ், டோக்கியோ வெர்டி அணிகளோடு ஆடியது இவரால்தான். ஆனால் ஆட்டம் முதலில் வந்தது, சட்டை பின்னால் வந்தது.

“இவருக்கு முன்னாடி ஜப்பான் வீரர் யாருமே இப்படி ஆன்லைன்ல கலக்கலையா?”

1998லேயே ஒருவர் இருந்தார், ஹிடெடோஷி நகாடா. அந்த வருடம் இத்தாலியின் பெருஜியாவுக்குப் போய், முதல் லீக் ஆட்டத்திலேயே யுவென்டஸுக்கு எதிராக இரண்டு கோல் போட்டவர். பத்திரிகைகள் தன் பேச்சைத் திரிக்கின்றன என்று மனம் கசந்து, அதே 1998இல் சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கி ரசிகர்களுக்கு நேராக எழுத ஆரம்பித்தார். பெரும்பாலான வீடுகளில் இணையமே இல்லாத காலம் அது. 2006 ஜூலை 3இல் ஓய்வு பெறுவதையும் அந்தத் தளத்தில்தான் அறிவித்தார்.

இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: நகாடா தன் புகழைத் தானே எழுதினார், இடையில் யாரும் வரக் கூடாது என்பதற்காக. மிட்டோமாவின் புகழை அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து உருவாக்குகிறார்கள். அதனால்தான் முனைவர் பட்டம் போன்ற கதைகளும் அதில் கலந்துவிடுகின்றன.

“சவுதிக்குப் போறாருன்னு ஒரு பதிவு பாத்தேன். நம்பலாமா?”

2025 ஜனவரியில் அல் நசர் பெரிய தொகை கொடுத்துக் கேட்டதாகவும் பிரைட்டன் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. அவர் போகவில்லை. மேலே சொன்ன செல்சீ கோல் அதற்கு அடுத்த மாதம் போட்டதுதான். அந்தப் பழைய செய்தியையே தேதியை மறைத்துப் புதிதுபோல் போடுகிறார்கள். கிளப்பின் சொந்தப் பக்கத்தில் வரும் வரை எந்த மாற்றத்தையும் நம்ப வேண்டாம்.

“கோவிச்சுக்காதீங்க. நிஜமாவே பெரிய வீரரா, இல்ல கிளிப்ல மட்டும் பெரியவரா?”

கோபம் இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். ரீல்ஸில் அவர் எல்லோரையும் தாண்டுகிறார். முழு ஆட்டத்தில் அப்படி இல்லை. சில நாள் நான்கு முறை முயன்று மூன்று முறை பந்தை இழப்பார். இரண்டு பேர் சேர்ந்து மறித்தால் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார், அது எந்த வீடியோவிலும் வராது. 2023-24இல் முதுகுக் காயத்தால் பிப்ரவரியோடு பருவமே முடிந்துபோனது. அப்போதும் அவர் வீடியோக்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவர் வாராவாரம் ஆடுவதாகவே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காயத்துக்குப் பிறகு அவர் களம் இறங்கியது டோக்கியோவில், மேலே சொன்ன ஜூலைப் பயணத்தில்.

எண்ணிக்கையை வைத்து உலகின் முதல் பத்துப் பேரில் ஒருவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீடியோவில் வராத பாதியையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பந்தை இழந்தவுடன் திரும்பித் தன் கோலை நோக்கி ஓடுகிறார் பாருங்கள், அதைச் செய்யாத பெயர்பெற்ற விங்கர்கள் நிறைய. ஸ்பெயினுக்கு எதிராக அவர் இறங்கியதுகூட ஓரத் தற்காப்பும் பார்த்துக்கொள்ளும் இடத்தில்தான். நாற்பத்தைந்து நிமிடம் பின்னால் ஓடி ஓடித் தடுத்தவர்தான் அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் ஓடி வந்தார்.

“சரி, முழு ஆட்டமே பாக்கறேன். எப்ப உட்காரணும், எதைப் பாக்கணும்?”

இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 8.30, மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிய பிறகு 7.30. சாப்பாட்டை முன்னாலேயே முடித்துவிடுங்கள். அன்று அவர் ஆடுகிறாரா என்பது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம் முன்பு வரும் அணிப் பட்டியலில் தெரிந்துவிடும்.

பந்து வலப்பக்கம் இருக்கும்போது, கேமரா அகலமாகக் காட்டும் நேரங்களில், இடது ஓரத்தில் தேடுங்கள். வெள்ளைக் கோட்டை மிதித்தபடி தனியாக நின்றுகொண்டிருப்பார். இரண்டு மூன்று முறை தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்ப்பார். பந்து அவரிடம் வரும், ரீல்ஸ் அங்கிருந்துதான் தொடங்கும்.